இடது பின் ஸ்பீக்கர்

புறக்கோட்டையில் விலைபேசி முடிக்க ஒரு பகல் போனது.
பிறகு மூன்று நாள் பெட்டிகளோடு குடியிருந்தோம்.
ரெஜிபோம் துகள் சோற்றிலும் வந்தது.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
லிஃப்ட் வழக்கம்போல் பழுது.
சப்வூஃபரைத் தோளில் வைத்து ஏறினான் நுஸ்கி,
வளைவுக்கொரு "யா அல்லாஹ்".

வடக்குச் சுவரில் திரை.
அதற்காகச் சாமிப்படம் குசினிப் பக்கம் இடம்பெயர்ந்தது.
மேற்கு யன்னலுக்குக் கறுப்புச் சீலை,
கடல் அதற்கு அங்காலே.
அரசி ஒன்றும் சொல்லவில்லை.
பிழையாய்த் துளைத்த ஓட்டைகளைப்
பற்பசையால் அடைத்துக்கொண்டே வந்தாள்.

சோபாவின் நடுவில், காது இருக்கும் உயரத்தில்
சின்ன மைக் ஒன்றை நிறுத்தினான்.
"இனி ஆரும் மூச்சு உடப்படாது, சேர்."
மெஷின் அறையைக் கேட்கத் தொடங்கியது.
வ்வூப். வ்வூப்.
மாத்தறை ரயில் வந்தது.
சத்தம் அதிகம், மீண்டும் முயல்க, என்றது திரை.
முயன்றோம். கீழே கொத்துக்கடை தொடங்கியது.
முயன்றோம். இன்னொரு ரயில்.
கடைசியில் நேர அட்டவணை பார்த்து
இரண்டு ரயில்களுக்கு நடுவே, பதினொரு நிமிஷத்தில்
எங்கள் வீட்டின் மௌனத்தை அளந்து முடித்தான்.

"இப்ப நீங்க இருந்து கேளுங்க, சேர்.
எல்லாம் வேல செய்யுதா?"

முன்னால் கேட்டது. நடுவில் கேட்டது.
வலது பின்னால், தகரத்தில் மழைபோல ஒரு சீறல்.
பிறகு ஒரு ஸ்பீக்கர் நீளத்துக்கு
ஒன்றுமில்லை.
தலையாட்டினேன்.

கோட்டையில் ஒரு முற்பகல்
யன்னல்கள் எல்லாம் ஒருமிக்க உள்ளே வந்தன.
லெட்ஜரில் ஒரு ஒன்பதின் வாலை
இழுத்துக்கொண்டிருந்தேன் அப்போது.
இடது காது அந்த மேசையிலேயே நின்றுவிட்டது.
டாக்குத்தருக்குச் சொன்னேன்,
காப்புறுதிக்காரருக்கு மூன்று பிரதியில் சொன்னேன்.
கலியாணம் பேசி வந்தவர்களுக்குச் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு சொல்ல
ஒரு நல்ல நேரம் வாய்க்கவுமில்லை.

சப்வூஃபரை முடுக்கினான்.
காலடி நிலம் ஒருதரம் எழும்பி இருந்தது.
"குறை தம்பி."
"சேர், பேஸ் இல்லாட்டி அது தியேட்டராகுமா?"
"கீழ்வீட்டு மிஸிஸ் டி சில்வா கத்துவா."
மிஸிஸ் டி சில்வா போன மாசமே
மகளோடு பெர்த்துக்குப் போய்விட்டா.
அரசிக்கு அது தெரியும்.
"ஓம், அவ சரியான கரைச்சல்," என்றாள்.
நுஸ்கி குறைத்தான்.

இரவு, விளக்கை அணைத்து ஒரு படம் போட்டோம்.
மலைப்பாதை. இருட்டு.
வலது பக்கத்தால் ஒரு லொறி வந்தது,
என் தோளை உரசியது,
மூக்குக்கு நேரே அறுந்து காணாமல்போனது.

"இப்ப கடற்கரைச் சுவர்ப் பக்கம் போகுது,"
அரசி வலது காதுக்குள் சொன்னாள்.
"போகுது... கியர் மாத்துறான்...
போகுது... போயிட்டுது."

திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை நான்.
மணவறையில், கூறை மாற்றி வந்து
இடப்பக்கம் இருந்த அந்த அரைமணி தவிர
பஸ்ஸில், தெருவில், கட்டிலில், ஆஸ்பத்திரி வாங்கில்
இவள் எந்நாளும் எனக்கு வலப்பக்கம்.
பழக்கம் என்று நினைத்திருந்தேன்.
பத்தொன்பது வருஷம்.

நுஸ்கி சொல்லித் தந்திருந்தான்,
சரியான இடம் நடுவில், மைக் நின்ற இடம்தானென்று.
அதில் தலையணை ஒன்று கிடந்தது.
நாங்கள் ஒரு மூலையில், ஒரு காதுக்கு இரண்டு பேராய்.

படத்தில் ஆரும் பேசாத ஒரு நேரம் வந்தது.
"இப்ப என்ன?" என்றேன்.
"ஒண்டுமில்லை. ஒரு நாய். தூரத்தில."
"படத்திலயோ, வெளியிலயோ?"
கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னாள்,
"தெரியேல்லை."